மியான்மர் ராணுவ ஆட்சியும் வெளிநாட்டுப் பத்திரிகைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மியான்மர் பற்றித் தமிழில் எதை எழுதினாலும் சில கேள்விகள் தவறாமல் வந்துவிடுகின்றன. பிபிசி சொல்வதை நம்பலாமா, சிஎன்என் உள்ளே போனது எப்படி, இவ்வளவு எழுதியும் என்ன நடந்துவிட்டது என்று கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். பர்மா, மியான்மர் இரண்டு பெயரும் இதில் கலந்தே வரும்.

ஜெனரல்கள் யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள். வெளிநாட்டுப் பத்திரிகை திட்டினால் அவர்களுக்கு என்ன வந்தது?

லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆங்கிலத்தில் வரும் தலையங்கங்கள் அவர்களை அதிகம் உறுத்துவதில்லை. அதே செய்தி பர்மிய மொழியில், சிற்றலை வானொலி வழியாக மாண்டலேயில் ஒரு டீக்கடைக்குத் திரும்பி வரும்போதுதான் கோபம் தலைக்கேறுகிறது. இதைப் புரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

1988ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கூனுக்கு (இன்றைய யாங்கூன்) வந்திருந்த பிபிசி நிருபர் கிறிஸ்டோபர் கன்னஸ் மறைவாகச் சில மாணவர்களைச் சந்தித்துப் பேட்டி எடுத்தார். ஆகஸ்ட் 8ஆம் தேதி நாடு தழுவிய வேலைநிறுத்தம் என்ற அறிவிப்பு அந்தப் பேட்டிகள் வழியாக பிபிசி பர்மிய சேவையில் ஒலித்தது. நாளிதழ் எல்லாம் அரசின் கையில் இருந்த நாட்டில், அடுத்த ஊரில் என்ன நடக்கிறது என்பதை மக்கள் லண்டன் வழியாகத் தெரிந்துகொண்டார்கள். சொன்ன நாளில் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். ராணுவம் சுட்டது. செப்டம்பர் 18ஆம் தேதி புதிய ராணுவக் குழு ஆட்சியை எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள் என்பதே பொதுவான கணிப்பு.

அந்தப் பாடத்தை ராணுவம் மறக்கவில்லை. 2007க்குப் பிறகு ‘நியூ லைட் ஆஃப் மியான்மர்’ என்ற அரசு நாளிதழைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். தளபதி பாலம் திறந்தார், தளபதி அணையைப் பார்வையிட்டார் என்ற செய்திகளுக்கு நடுவே தினமும் கட்டம் கட்டி ஒரு வாசகம் வரும்: விஓஏவும் பிபிசியும் மக்களிடையே வெறுப்பை விதைக்கின்றன, ஆர்எஃப்ஏவும் டிவிபியும் கொந்தளிப்பைத் தூண்டுகின்றன, இந்தக் கொலைகார ஒலிபரப்புகளுக்கு மயங்காதீர்கள் என்ற பொருளில். (விஓஏ என்றால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, ஆர்எஃப்ஏ என்றால் ரேடியோ ஃப்ரீ ஏஷியா, டிவிபி என்றால் டெமாக்ரடிக் வாய்ஸ் ஆஃப் பர்மா.) 2011 ஆகஸ்டில்தான் அது நின்றது. யாரும் கேட்காத வானொலியைக் கேட்காதீர்கள் என்று நாள்தோறும் அச்சடிக்க வேண்டிய அவசியம் என்ன? எந்த அலைவரிசைகளைத் தேட வேண்டும் என்று அரசே இலவச விளம்பரம் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

நிருபர்கள் உள்ளே எப்படிப் போனார்கள்?

பெரும்பாலும் சுற்றுலாப் பயணி வேடத்தில். 1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு வெளிநாட்டு நிருபர்களுக்குக் கதவு கிட்டத்தட்ட மூடப்பட்டது. பல ஆண்டுகள் சுற்றுலா விசாவே ஏழு நாளுக்குத்தான். அந்த ஏழு நாளில் ஷ்வேடகோன் பகோடாவைப் படமெடுப்பதுபோல் நாலு பேரிடம் பேசி, பாங்காக் போய் எழுத வேண்டும். இன்றும் மியான்மர் செய்திகள் பலவற்றில் ஊர்ப்பெயர் பாங்காக் என்றிருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

2007இல் ஒரு ஜப்பானியர் கொல்லப்பட்டாரே, அது என்ன?

கென்ஜி நாகாய். ஏபிஎஃப் என்ற ஜப்பானிய செய்தி நிறுவனத்துக்கு வேலை செய்த, ஐம்பது வயது வீடியோ பத்திரிகையாளர். பெட்ரோல், எரிவாயு விலையை அரசு ஒரேயடியாக உயர்த்தியதில் தொடங்கிய போராட்டத்தைப் புத்த பிக்குகள் கையிலெடுத்திருந்த நேரம். செப்டம்பர் 27 அன்று யாங்கூனில் சூலே பகோடா அருகே ராணுவம் கூட்டத்தை விரட்டியபோது நாகாய் சுடப்பட்டார். மல்லாந்து விழுந்து கிடக்கிறார், வலது கையில் இருக்கும் சிறிய கேமராவை அப்போதும் உயர்த்திப் பிடித்திருக்கிறார், எதிரே ஒரு சிப்பாய். ராய்ட்டர்ஸின் அட்ரீஸ் லத்தீஃப் எடுத்த இந்தப் படம் 2008இல் புலிட்சர் பரிசு பெற்றது.

குறி தவறி வந்த குண்டு என்றது அரசு. மிக அருகிலிருந்து சுட்டதை டிவிபியின் உள்ளூர் வீடியோக்காரர்கள் பதிவு செய்த காட்சி காட்டியது. ஜப்பான் சுமார் 55 கோடி யென் உதவித் திட்டம் ஒன்றை ரத்து செய்தது. நாகாய் கொல்லப்பட்ட மறுநாளே ராணுவம் இணையத்தைத் துண்டித்தது.

நாகாயின் கேமரா மட்டும் கிடைக்கவில்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் கழித்து, 2023 ஏப்ரலில் பாங்காக்கில், டிவிபி அதை அவருடைய தங்கையின் கையில் ஒப்படைத்தது. ஒளிநாடா உள்ளேயே இருந்தது. ராணுவம் வந்துவிட்டது என்று அவர் ஜப்பானிய மொழியில் கேமராவிடம் சொல்வது அதில் பதிவாகியிருக்கிறது.

நர்கிஸ் புயலின்போது நடந்தது?

வெளிநாட்டு விமர்சனத்தை ராணுவம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 2008 மே 2ஆம் தேதி இரவு ஐராவதி டெல்டாவைப் புயல் தாக்கியது. லபூட்டா, போகலே பக்கம் கிராமம் கிராமமாகக் கடல் வாரிக்கொண்டு போனது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறத்தாழ 1,38,000 பேர். டெல்டாவுக்குப் போகும் சாலைகளில் சோதனைச் சாவடி போட்டு வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பினார்கள். பிபிசியின் ஆண்ட்ரூ ஹார்டிங்கை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். சிஎன்என்னின் டான் ரிவர்ஸ் உள்ளே நுழைந்துவிட்டார், ஆனால் அவரைப் பிடிக்க ஆள் தேடத் தொடங்கியதும் வெளியேற வேண்டியதாயிற்று. பிணங்கள் மிதந்துகொண்டிருந்த அதே வாரத்தில், மே 10 அன்று, புதிய அரசியல் சட்டத்துக்குப் பொது வாக்கெடுப்பும் நடத்தினார்கள்.

உதவியைத் தடுக்கிறார்கள் என்று உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளியதும், மே மாத இறுதியில் அரசு நாளிதழ் ஒன்று பதில் எழுதியது. வெளிநாட்டார் கொண்டுவரும் சாக்லேட் நமக்கு வேண்டாம், டெல்டாவில் வயலுக்குப் போனால் காய்கறி கிடைக்கும், மீன் கிடைக்கும், மழைக்காலத்தில் இரவு விளக்கோடு போனால் கொழுத்த தவளைகளைப் பிடிக்கலாம் என்று. வீட்டையும் பிள்ளைகளையும் இழந்தவர்களுக்கு அரசு சொன்ன ஆறுதல் அது. அந்தத் தவளை வரியை உலகமே எடுத்துப் போட்டது.

இந்தச் சந்தர்ப்பத்தில் விமர்சனம் ஓரளவு வேலை செய்தது. மே 23 அன்று ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கீ-மூன் ராணுவ ஆட்சித் தலைவர் தான் ஷ்வேயை நேரில் பார்த்த பிறகு உதவிப் பணியாளர்களை அனுமதித்தார்கள். பத்திரிகைகள் மட்டும் இதைச் சாதித்தன என்று சொல்ல மாட்டேன். ஆசியான் நாடுகளின் நெருக்குதலும் இருந்தது.

வெளிநாட்டு நிருபருக்கு அதிகபட்சம் நாடுகடத்தல். அவரோடு பேசியவருக்கு?

சரியான கேள்வி, ஆனால் அதிகம் பேர் கேட்பதில்லை. புயல் நிவாரணத்துக்குச் சொந்தமாக ஆள் திரட்டிய நகைச்சுவைக் கலைஞர் ஸர்கனார், டெல்டாவில் பார்த்ததை வெளிநாட்டு ஊடகங்களிடம் சொன்னார். 2008 ஜூனில் கைது. மொத்தம் 59 ஆண்டு சிறை விதித்து, பிறகு 35 ஆகக் குறைத்தார்கள். 2011 அக்டோபரில் விடுதலையானார். மூத்த பத்திரிகையாளர் வின் டின் 1989இல் உள்ளே போய் 2008இல்தான் வெளியே வந்தார். பத்தொன்பது ஆண்டு.

பெயர் தெரிந்தவர்கள் இவர்கள். வண்டி ஓட்டியவர், மொழிபெயர்த்தவர், யார் வீட்டுக்குப் போனால் பேசுவார்கள் என்று வழி காட்டியவர் ஆகியோரின் பெயர் கட்டுரையில் வராது, வரவும் கூடாது. விருது மேடையில் அவர்கள் நிற்பதில்லை. வெளிநாட்டுப் பத்திரிகையின் துணிச்சல் என்று நாம் பாராட்டுவதில் பெரும்பங்கு இவர்களுடையது என்பது என் கருத்து.

சிஎன்என்னை ராணுவமே அழைத்துப் போனதாமே?

ஆம். அந்த ஆண்டு பிப்ரவரியில் ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்த பிறகு, 2021 மார்ச் இறுதியில். ராணுவம் இரண்டு மில்லியன் டாலருக்கு அமர்த்தியிருந்த ஆரி பென்-மெனாஷே என்ற இடைத்தரகர் ஏற்பாடு செய்தார். கிளாரிஸா வார்டு தலைமையிலான குழு ராணுவப் பாதுகாப்போடு யாங்கூன் சந்தைகளுக்குப் போனது. கேமராவைப் பார்த்ததும் மக்கள் எதிர்ப்பைக் காட்ட மூன்று விரலை உயர்த்தினார்கள், பாத்திரங்களைத் தட்டினார்கள். குழு கிளம்பிய கையோடு அங்கே இருந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் பிடித்துச் செல்லப்பட்டார்கள். செய்தி வெளியானபின் பெரும்பாலோரை விட்டுவிட்டார்கள்.

போயிருக்கலாமா என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. பர்மியப் பத்திரிகையாளர்கள் பலர் கொதித்தார்கள்: நாங்கள் தலைமறைவாக இருந்து எடுக்கும் செய்தியை விட்டுவிட்டு, ராணுவ வண்டியில் வந்து என்ன புதிதாகப் பார்க்கப் போகிறார்கள்? எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் படுகிறது. ஆனால் ஒன்று: மக்கள் ராணுவத்தின் கூடவே வந்த கேமரா முன்பும் அஞ்சாமல் பேசியதை ராணுவமே உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது. இரண்டு மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டு அவர்கள் வாங்கிக்கொண்ட விளம்பரம் இதுதான்.

2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு என்னென்ன தடை?

பிப்ரவரி 1 அன்று ராணுவத் தலைமைத் தளபதி மின் ஆங் ஹ்லைங் ஆட்சியைப் பிடித்தார். முந்தைய நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூ கீயின் கட்சி போட்டியிருந்த 476 இடங்களில் 396ஐ வென்றிருந்தது, அதில் மோசடி என்பது ராணுவத்தின் வாதம். நான்காம் நாள் ஃபேஸ்புக்கை முடக்கினார்கள். இரண்டு வாரத்துக்குள் தகவல் அமைச்சகம் பத்திரிகைகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது: ஆட்சிக்கவிழ்ப்பு என்றோ ராணுவக் குழு என்றோ எழுதக் கூடாது, எழுதினால் உரிமம் போகும். மார்ச் 8 அன்று மிஸ்ஸிமா, டிவிபி, கிட் திட், மியான்மர் நவ், 7டே ஆகிய ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமம் ரத்தானது. அடுத்த வாரம் மொபைல் இணையம் போனது. அப்போதும் மக்கள் டிஷ் வைத்து டிவிபியும் மிஸ்ஸிமாவும் பார்த்ததால், டிஷ் வைத்திருந்தால் ஓராண்டு சிறை, ஐந்து லட்சம் க்யாட் அபராதம் என்று மே மாதம் அரசுத் தொலைக்காட்சி அறிவித்தது. மொட்டை மாடி டிஷ்ஷைக் கழற்ற சிப்பாய் ஏறுகிறான் என்றால், முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் பொருத்திப் பாருங்கள்.

எந்தச் சட்டத்தில் கைது செய்கிறார்கள்?

நமக்கு நன்றாகத் தெரிந்த சட்டங்களில்தான். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அங்குள்ள தண்டனைச் சட்டம் மெக்காலே வழிவந்த நம் பழைய ஐபிசியின் உடன்பிறப்பு. அதன் 505ஆம் பிரிவோடு 2021இல் 505-ஏ என்று ஒன்றைச் சேர்த்து, பொய்ச் செய்தி பரப்பினால், அச்சம் உண்டாக்கினால் மூன்றாண்டு வரை சிறை என்றார்கள். 1908ஆம் ஆண்டின் சட்டவிரோத அமைப்புகள் சட்டம், 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் இரண்டும் வெள்ளைக்காரன் விட்டுப்போனவை. வெளிநாட்டுச் சதி என்று மேடைதோறும் பேசுகிற ஜெனரல்கள் பத்திரிகையாளரை உள்ளே தள்ள மட்டும் வெளிநாட்டான் எழுதிய சட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களையும் சிறையில் போட்டார்களா?

ஆம். ஃப்ரண்டியர் மியான்மர் இதழின் நிர்வாக ஆசிரியர், அமெரிக்கர் டேனி ஃபென்ஸ்டர், வீட்டாரைப் பார்க்க ஊருக்குக் கிளம்பியபோது 2021 மே 24 அன்று யாங்கூன் விமான நிலையத்தில் பிடிபட்டார். தடை செய்யப்பட்ட மியான்மர் நவ்வில் வேலை செய்கிறார் என்பது வழக்கின் சாரம். அவர் அங்கிருந்து விலகி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. நவம்பர் 12இல் 11 ஆண்டு தண்டனை, 15ஆம் தேதி விடுதலை. அதற்கு முன் அமெரிக்க மாநிலம் ஒன்றின் முன்னாள் ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் மின் ஆங் ஹ்லைங்கைச் சந்தித்துப் பேசியிருந்தார்.

ஜப்பானியர்கள் யூகி கிடாஸுமி, டோரு குபோடா ஆகியோரும் பிடிபட்டுப் பிறகு விடுவிக்கப்பட்டார்கள். கமாயுத் மீடியாவின் நேதன் மாங் அமெரிக்கக் குடிமகன் என்பதால் மூன்று மாதத்தில் வெளியே வந்தார். அவரோடு சேர்ந்து கைதான பர்மிய சக ஊழியர் ஹன்தார் நியெய்ன் உள்ளேயே இருந்தார். பாஸ்போர்ட்டின் நிறம்தான் இங்கே தீர்ப்பு.

அப்படியானால் சூ கீ ஆட்சியில் பத்திரிகைச் சுதந்திரம் இருந்ததா?

முன்தணிக்கை 2012 ஆகஸ்டில் ஒழிந்தது, 2013 ஏப்ரலில் தனியார் நாளிதழ்கள் திரும்பி வந்தன. இரண்டும் சூ கீ ஆட்சிக்கு வருவதற்கு முன்பே நடந்தவை. அவர் ஆட்சியில் நடந்ததைச் சொல்கிறேன். ராக்கைன் மாநிலத்தின் இன் டின் கிராமத்தில் ரோஹிங்யா என்ற முஸ்லிம் சிறுபான்மையினரில் பத்து ஆண்களைக் கொன்று புதைத்ததைத் துருவிக்கொண்டிருந்த ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், ச்யாவ் சோ ஊ இருவரையும் 2017 டிசம்பரில் போலீஸ் பிடித்தது. அரசு ரகசியச் சட்டத்தில் ஏழாண்டு சிறை. தீர்ப்பை சூ கீ வெளிப்படையாக ஆதரித்தார். 2019 மே மாதம் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள், ஐந்நூறு நாளுக்கு மேல் உள்ளே இருந்த பிறகு. அந்தக் கொலைகளுக்காகப் பத்தாண்டு தண்டனை பெற்ற ஏழு சிப்பாய்கள் ஓராண்டு முடியும் முன்பே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் சரியா? அவர்களுக்கும் உள்நோக்கம் இருக்குமே?

குறைகள் உண்டு. இருபது ஆண்டுக்கு மேல் சூ கீயை ஒரு தேவதையாகவே எழுதினார்கள். ஏரிக்கரை வீடு, தலையில் பூ, பியானோ. அவர் கட்சி சிறுபான்மையினரை எப்படிப் பார்க்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்கு ஓடியபோது, அதே பத்திரிகைகள் ஏமாந்துவிட்டோம் என்று எழுதின. கச்சின், கரென் பகுதிகளில் பத்தாண்டுக்கணக்காக நடந்த போரும் யாங்கூன் செய்திகளுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

ஆனால் ராணுவம் பொய் என்று சொல்வது இந்தக் குறைகளை அல்ல. பிணக்குழியையும் எரிந்த ஊரையும் பற்றி எழுதுவதைத்தான். அவர்களுடைய சொந்தச் சரக்கு எப்படி இருந்தது? 2018இல் ரோஹிங்யா பிரச்சினை பற்றி ராணுவத்தின் மக்கள் தொடர்புத் துறை ஒரு நூல் வெளியிட்டது. ஆற்றில் பிணங்கள் மிதக்க, ஒருவர் கையில் விவசாயக் கருவியோடு நிற்கும் கருப்பு வெள்ளைப் படம் அதில் இருந்தது. வங்காளிகள் (ரோஹிங்யாக்களை ராணுவம் இப்படித்தான் அழைக்கும்) உள்ளூர் மக்களைக் கொன்ற காட்சி என்று விளக்கம். ராய்ட்டர்ஸ் தேடிப் பார்த்ததில் அது 1971 வங்கதேசப் போரின்போது டாக்காவில் எடுத்த படம். ரோஹிங்யாக்கள் கூட்டமாக நுழைகிறார்கள் என்று போட்ட இன்னொரு படம், 1996இல் தான்சானியாவில் ருவாண்டா அகதிகளை எடுத்தது. ராணுவம் மன்னிப்புக் கேட்டது. அவர்கள் மன்னிப்புக் கேட்பது ஆண்டுக்கொரு முறைகூட நடக்கிற காரியமல்ல.

இந்தியப் பத்திரிகைகள் என்ன செய்கின்றன?

குறைவுதான். ராய்ட்டர்ஸ், பிபிசி செய்தியைச் சுருக்கிப் போடுவதோடு சரி. இத்தனைக்கும் மியான்மர் நமக்குத் தரைவழி அண்டை நாடு. 1960களில் நே வின் ஆட்சியில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானதும் வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களின் குடும்பங்கள் சென்னை பர்மா பஜாரிலும் மணிப்பூரின் மோரேயிலும் இருக்கின்றன. 2022 ஜூலையில் மோரே தமிழ் இளைஞர்கள் இருவர் எல்லைக்கு அப்பால் தமூவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தமிழ் நாளிதழ்களில் சில நாள் ஓடி அடங்கிவிட்டது. அதே ஆண்டு தாய்லாந்து எல்லையில் உள்ள மியாவடியின் இணைய மோசடிக் கூடாரங்களில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களின் கதை கொஞ்சம் கூடுதலாக ஓடியது.

பழைய கதை ஒன்று. 1990 நவம்பரில் பர்மிய மாணவர்கள் இருவர் போலி வெடிகுண்டைக் காட்டித் தாய் ஏர்வேஸ் விமானத்தைக் கல்கத்தாவுக்குக் கடத்தினார்கள். கேட்டது பணமல்ல. தங்கள் நாட்டில் நடப்பதைச் சொல்ல ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவரான சோ மியின்ட் 1998இல் டெல்லியில் தொடங்கியதுதான் மிஸ்ஸிமா. வழக்கிலிருந்து 2003இல் விடுதலையானார்.

இப்போது அங்கிருந்து யார் செய்தி தருகிறார்கள்?

பெரும்பாலும் வெளியேறிய பர்மியர்கள். இராவதி, டிவிபி, மியான்மர் நவ், மிஸ்ஸிமா எல்லாம் தாய்லாந்து எல்லையிலும் வேறு நாடுகளிலும் இருந்து இயங்குகின்றன. உள்ளே பெயரில்லாத ஆட்கள். 2025 மார்ச் 28 அன்று சகாயிங் அருகே 7.7 அளவு நிலநடுக்கம் வந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வெளிநாட்டு நிருபர்கள் வர வேண்டாம், தங்க இடமில்லை, தண்ணீர் மின்சாரம் இல்லை என்றார் ராணுவச் செய்தித்தொடர்பாளர் ஸா மின் துன்.

அதே மாதம் வேறொரு அடியும் விழுந்தது. அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு ஒலிபரப்புகளுக்கான பணத்தை நிறுத்தியதில் விஓஏவின் பர்மிய சேவை அடங்கியது. ஆர்எஃப்ஏவின் பர்மியப் பிரிவு மே மாதத்தில் நின்றது. கட்டம் கட்டிய வாசகத்தாலும் சிறையாலும் முடியாததை வாஷிங்டனில் ஓர் உத்தரவு முடித்துக்கொடுத்தது.

இத்தனை எழுதி என்ன மாறியது?

ஆட்சி மாறவில்லை. கைதிகள் சிலர் வெளியே வந்தார்கள், நர்கிஸில் உதவி தாமதமாகவேனும் போனது, இன் டின்னில் கொலை நடந்ததை ராணுவமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பட்டியல் சின்னதுதான். ஆனால் கொலை நடந்த இடம், நாள், படைப்பிரிவு என்று எழுதிவைத்தவை அழிவதில்லை. நாளை ஒரு விசாரணை நடந்தால் சாட்சியம் அங்கிருந்துதான் வரும்.

மியான்மர் செய்தியை எதை நம்பிப் படிப்பது?

சாவு எண்ணிக்கையை ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எதிர்ப்புப் படைகளும் மிகைப்படுத்துவதுண்டு. படம் எடுத்த ஊரும் நாளும் இருக்கிறதா, சொன்னவர் நேரில் பார்த்தவரா என்று பாருங்கள். அரசு நாளிதழையும் விட்டுவிடாதீர்கள். அது காரசாரமாக மறுக்கும் ஊரில் ஏதோ நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மியான்மருக்கு உள்ளிருந்து வரும் வீடியோவில் யாருடைய முகமாவது தெளிவாகத் தெரிந்தால் வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள். சந்தையில் மூன்று விரல் உயர்த்தியவர்களைத் தேடிப் பிடித்த ஆட்கள் அதையும் பார்ப்பார்கள்.